பறந்த மணிநேரமும் விமானியின் தகுதியும்

விமானியின் அனுபவத்தை உலகெங்கும் மணிநேரத்தில் அளக்கிறார்கள். பறப்பதற்காக விமானம் முதலில் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, பறந்து இறங்கி ஓய்ந்து நிற்கும் கணம் வரையிலான நேரமே பறப்பு நேரம் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறை. ஓடுபாதையை நோக்கி மெல்ல ஊர்வதும், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை வரிசையில் காத்திருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

கணக்கு எழுதப்படும் இடம் லாக்புக். ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி: தேதி, விமானத்தின் வகை, அதன் பதிவெண், கிளம்பிய இடம், இறங்கிய இடம், பிறகு கட்டம் கட்டமாக நேரம். தலைமை விமானியாகப் பறந்தது ஒரு கட்டத்தில், துணை விமானியாகப் பறந்தது இன்னொன்றில். பயிற்றுநருடன் பறந்தது, இரவில் பறந்தது, வெளியே எதுவும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது, ஊர்விட்டு ஊர் பறந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. தரையிறக்கங்களின் எண்ணிக்கைக்கு இரண்டு சிறு கட்டங்கள், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை. வேலைக்கு வரும் விண்ணப்பத்தில் விமான நிறுவனத்தின் கண் முதலில் போவது அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான்.

ஒரே கூட்டுத்தொகைக்குள் எவ்வளவோ வேறுபட்ட வேலை அடங்கியிருக்கும். கண்டம் தாண்டும் 14 மணிநேரப் பயணத்தில் ஒரு முறை மேலேறி ஒரு முறை இறங்குகிறார்கள். அதையும் மூன்று நான்கு விமானிகள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சிறிய செஸ்னா விமானத்தில் நிலையத்தையே சுற்றிச் சுற்றிப் பழகும் மாணவர் ஒரு மணிநேரத்தில் ஆறேழு முறை தரையிறக்குகிறார். புயல்மழையில் இறங்க முடியாமல் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிட்ட ஒரு மணிநேரமும், தெளிந்த வானில் தானியங்கிக் கருவி ஓட்ட வெறுமனே கண்காணித்த ஒரு மணிநேரமும் லாக்புக்கில் ஒரே 1.0 ஆகத்தான் பதிவாகின்றன. இருந்தும் மணிநேரம் நிலைத்துவிட்டதற்குக் காரணம் உண்டு. அதை எண்ணுவது எளிது, நாடு மாறினாலும் பொருள் மாறாது, சட்டத்தில் எழுதவும் நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் தோதானது. நிதானம், முடிவெடுக்கும் தெளிவு, தவறை உடனே ஒப்புக்கொள்ளும் பழக்கம் ஆகியவற்றுக்கு அப்படியொரு அளவுகோல் கிடையாது.

இந்த அளவுகோலைச் சட்டமாகவே இறுக்கிவிட்ட நாடு அமெரிக்கா. அங்கே அட்டவணைப்படி இயங்கும் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரக்கூட 1,500 மணிநேரம் வேண்டும். அதற்குரிய உச்ச உரிமத்தின் பெயர் ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட், சுருக்கமாக ஏ.டி.பி. மொத்த நேரத்துக்குள்ளேயே உள்பிரிவுகள் இருக்கின்றன: ஊர்விட்டு ஊர் பறந்தது 500 மணிநேரம், இரவில் 100, கருவிகளை மட்டும் நம்பி 75, விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்று 250. வயது 23 நிறைந்திருக்க வேண்டும். 21 வயதிலேயே கிடைக்கும் வரையறுக்கப்பட்ட உரிமத்துக்குச் சலுகைகள் உண்டு. ராணுவ விமானிக்கு 750 மணிநேரம் போதும். விமானப் படிப்பில் இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு 1,000, ஈராண்டுப் பட்டம் பெற்றவருக்கு 1,250.

2013 வரை நிலைமை இப்படி இல்லை. ஏ.டி.பி. உரிமம் தலைமை விமானிக்கு மட்டும் கட்டாயம். துணை விமானிக்கு வணிக உரிமம் போதும், அதற்கு 250 மணிநேரமே தேவை. நடைமுறையில் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான மணிநேரம் கேட்டன. சிறு நகரங்களைப் பெருநகரங்களோடு இணைக்கும் வட்டார நிறுவனங்களோ ஆள் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் வாசலைத் தாழ்த்திக்கொண்டன. சட்டம் மாறியது ஒரு விபத்தால்.

2009 பிப்ரவரி 12 இரவு, நியூ ஜெர்சியின் நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் நிறுவனத்தின் டேஷ் 8 கியூ400 விமானம், இறங்குவதற்குச் சில மைல் முன்பு கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தனர். சிறகில் பனி படியும் இரவு அது. ஆனால் விமானத்தை வீழ்த்தியது பனி அல்ல என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. பனிச்சூழலுக்கான சுவிட்ச் ஒன்றைப் போட்டிருந்தார்கள்; அதைப் போட்டால் வேகக்குறைவு எச்சரிக்கை வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்திலேயே ஒலிக்கும். இறங்கும் வேகத்தை அதற்கேற்ப உயர்த்தி வைக்க மறந்துவிட்டார்கள். வேகம் குறைந்துகொண்டே வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. அந்த எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு கையில் அதிரத் தொடங்கியது. சிறகு இன்னும் தாங்குசக்தியை இழக்கவில்லை. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி எஞ்சினுக்கு முழு விசை கொடுத்திருந்தால் மீண்டிருக்கும். தலைமை விமானி தண்டைத் தன் பக்கம் இழுத்தார். மூக்கு மேலே போனது, சிறகு தாங்குசக்தியை இழந்தது. மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் பாதுகாப்புக் கருவி வேலை செய்தபோது அதையும் எதிர்த்து இழுத்தார். துணை விமானி, யாரும் சொல்லாமலே சிறகின் மடிப்புகளை உள்ளிழுத்தார். முதல் அதிர்விலிருந்து மோதல்வரை அரை நிமிடம்கூட இல்லை.

அந்தத் தலைமை விமானியின் மொத்த அனுபவம் 3,379 மணிநேரம். துணை விமானிக்கு 2,244. இருவருமே 1,500-ஐத் தாண்டியவர்கள். இந்த விபத்திலிருந்து பிறந்த விதி அந்த இரவில் நடைமுறையில் இருந்திருந்தாலும் இருவரும் அதே இருக்கைகளில் அமர்ந்திருக்க முடியும். விதியை ஆதரிப்பவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது, அதையும் தள்ளிவிட முடியாது: தலைமை விமானி அந்நிறுவனத்தில் சேரும்போது அவரிடம் இருந்தது ஏறக்குறைய 600 மணிநேரம்தான், 1,500 கட்டாயமாக இருந்திருந்தால் அப்போது அவர் உள்ளே வந்திருக்க மாட்டார் என்கிறார்கள்.

துணை விமானியின் கதை வேறொன்றைக் காட்டுகிறது. அவருடைய பழைய அனுபவம் அரிஸோனாவின் ஃபீனிக்ஸில், ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் வானில், பயிற்றுநராகச் சேர்த்தது. இந்த வேலைக்கு வருமுன் பனி படியும் சூழலைக் கண்டதே இல்லை என்று, விபத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு அவர் தலைமை விமானியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. சுமார் 1,500 மணிநேரத்தோடுதான் அவர் வேலைக்கு எடுக்கப்பட்டார். எண் அளவில் பார்த்தால் பிற்காலச் சட்டம் கேட்ட விமானியாகவே வந்தார். அந்த மணிநேரங்களுக்குள் பஃபலோவின் பிப்ரவரி மட்டும் இல்லை.

விசாரணை வேறு பலவற்றையும் வெளியே கொண்டுவந்தது. தலைமை விமானி உரிமத் தேர்வுகளில் பலமுறை தோற்றவர். சில தோல்விகளை வேலை விண்ணப்பத்தில் சொல்லவில்லை. மூக்கைக் கீழே தள்ளும் அந்தக் கருவியைப் பற்றி வகுப்பில் படித்திருந்தாரே தவிர, சிமுலேட்டரில் அது இயங்குவதை ஒருமுறைகூட உணர்ந்ததில்லை. துணை விமானி முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து நாட்டின் குறுக்கே விமானங்களில் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். வட்டார நிறுவனங்களில் புதிய துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் அப்போது 20,000 டாலரை ஒட்டி இருந்தது. நியூவார்க் அருகே வீடு எடுத்துத் தங்க அது போதாது.

இறந்தவர்களின் குடும்பத்தினர் வாஷிங்டனில் மாதக்கணக்கில் விடாமல் போராடினார்கள். அதன் பலனாக 2010 ஆகஸ்ட் 1-ஆம் தேதி விமானப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. விமானிகளின் ஓய்வு நேரம், பயிற்சி ஆவணங்கள், ஸ்டால் எனப்படும் தாங்குசக்தி இழப்பிலிருந்து மீளும் பயிற்சி எல்லாவற்றையும் அது தொட்டது. துணை விமானிக்கும் ஏ.டி.பி. கட்டாயம் என்றது. 1,500 என்ற எண் ஆய்வு செய்து கண்டுபிடித்த எண் அல்ல. தலைமை விமானிக்கு ஏற்கெனவே இருந்த அளவு, அதை அப்படியே துணை விமானிக்கும் நீட்டினார்கள். மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2013 ஜூலையில் விதிகளை வெளியிட்டது. எழுத்துத் தேர்வுக்கு முன் 30 மணிநேர வகுப்பும் 10 மணிநேரச் சிமுலேட்டர் பயிற்சியும் கொண்ட ஒரு படிப்பை அது புதிதாகச் சேர்த்தது. முன்பின் தெரியாத பெரிய விமானத்தின் நடத்தையைச் சிமுலேட்டரில் உணரவைக்கும் அந்தப் பத்து மணிநேரம், மொத்தச் சட்டத்திலேயே கோல்கன் விபத்தின் காரணத்துக்கு மிக அருகில் இருக்கும் ஏற்பாடுகளில் ஒன்று. பொதுவெளியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1,500 மட்டுமே எல்லோர் நாவிலும் நிலைத்தது.

வணிக உரிமம் வாங்கும் 250-க்கும் வேலை கிடைக்கும் 1,500-க்கும் இடையில் ஓர் அமெரிக்க இளைஞர் என்ன செய்கிறார்? பெரும்பாலோர் பயிற்றுநராகிறார்கள். மாணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழியும் நேரம் பயிற்றுநரின் லாக்புக்கில் தலைமை விமானி நேரமாக ஏறும். சிலர் கடற்கரையோரம் விளம்பரப் பதாகை இழுக்கிறார்கள், சிலர் எண்ணெய்க் குழாய்த் தடங்களைக் கண்காணிக்கிறார்கள், பாராசூட்டில் குதிப்பவர்களை மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். இதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று சொல்வது அநியாயம். பதறிய மாணவரின் கையிலிருந்து விமானத்தை வாங்கிச் சரிசெய்த பயிற்றுநர் எச்சரிக்கையோடு முடிவெடுக்கப் பழகுகிறார். ஆனால் அது ஒற்றை எஞ்சின், 100 நாட் வேகம், தனி ஆள். அவர் போகப்போகும் இடத்தில் ஜெட் எஞ்சின் இரண்டு, வேகம் பல மடங்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்தில் இன்னொரு விமானி. இருவர் சேர்ந்து வேலையைப் பங்கிட்டு ஒருவரை ஒருவர் சரிபார்ப்பது தனி வித்தை. அது செஸ்னாவில் வராது.

விதியின் தாக்கம் தொழிலில் ஆழமாக இறங்கியது. பயிற்சிச் செலவு ஒரு லட்சம் டாலரை நெருங்கும் நிலையில், குறைந்த சம்பளத்துக்கு வர ஆள் கிடைக்கவில்லை. வயோமிங் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் ஏர்லைன்ஸ் தன் 19 இருக்கை பீச்கிராஃப்ட் விமானங்களில் பத்து இருக்கைகளைக் கழற்றி ஒன்பதாகக் குறைத்தது. ஒன்பது இருக்கைவரை வேறு விதித்தொகுப்பில் பறக்கலாம், அங்கே 1,500 தேவையில்லை. அப்படியும் தாக்குப்பிடிக்க முடியாமல், விமானி தட்டுப்பாட்டைக் காரணமாகச் சொல்லி 2018 மார்ச்சில் நின்றுபோனது. மறுபக்கம் சம்பளம் ஏறியது. 2022-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் வட்டார நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர்வரை தர முன்வந்தன. கோல்கன் விசாரணை அம்பலப்படுத்திய வறுமைச் சம்பளத்தை ஒழித்ததில் இந்த விதிக்குப் பெரும்பங்கு உண்டு. விதியை விமானிகள் சங்கம் காப்பாற்றுவதிலும், நிறுவனங்கள் தளர்த்தக் கேட்பதிலும் இந்தப் பணக்கணக்கும் கலந்திருக்கிறது. இரு தரப்பும் பாதுகாப்பின் பெயரால் மட்டுமே பேசுகின்றன. ரிபப்ளிக் ஏர்வேஸ் தன் சொந்தப் பள்ளியில் படித்தவர்களை ராணுவ விமானிகளைப் போல 750 மணிநேரத்திலேயே எடுக்க அனுமதி கேட்டபோது, 2022 செப்டம்பரில் எஃப்.ஏ.ஏ. மறுத்துவிட்டது. 2024 மே மாதம் நிறைவேறிய சட்டமும் 1,500-ஐத் தொடவில்லை.

ஐரோப்பாவும் ஆசியாவின் பெரும்பகுதியும் வேறு வழியில் போகின்றன. ஐரோப்பாவில் ஒருங்கிணைந்த பயிற்சி முடித்தவர் சுமார் 200 மணிநேரத்தோடு ஏர்பஸ்ஸிலோ போயிங்கிலோ துணை விமானியாக உட்காரலாம். மணிநேரத்துக்குப் பதில் அங்கே தேர்வுகள் கடுமை; ஏ.டி.பி. நிலையின் எழுத்துத் தேர்வுகள் அனைத்தையும் முன்கூட்டியே தேறியிருக்க வேண்டும், இருவர் சேர்ந்து இயக்கும் பயிற்சி தனிப் படிப்பு. 2006-இல் சர்வதேச அமைப்பு கொண்டுவந்த பல்விமானி உரிமம் இன்னும் ஒரு படி போகிறது. அதற்கு 240 மணிநேரம், அதிலும் பெரும்பகுதி சிமுலேட்டரில். முதல் நாளிலிருந்தே பெரிய விமானத்தின் துணை விமானியாக உருவாக்குவதே நோக்கம். எத்தனை மணி பறந்தார் என்பதைவிட எதைச் செய்துகாட்டினார் என்பதைப் பார்க்கிறார்கள்.

இந்தியாவிலும் வணிக உரிமத்துக்கு 200 மணிநேரம். அதில் 100 தனிப்பொறுப்பில். அதன்மேல் குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி முடித்தால் துணை விமானி வேலைக்குத் தகுதி. தலைமை விமானிக்கு வேண்டிய உச்ச உரிமத்துக்கே 1,500 மணிநேரம். இளைஞர்கள் இங்கே பயிற்றுநர் வேலையில் ஆண்டுகளைக் கழிக்காமல் நேரே நிறுவனத்துக்குப் போக முடிகிறது. முதல் ஆயிரம் மணிநேரத்தைத் தலைமை விமானியின் பக்கத்தில் உட்கார்ந்து பயணிகளோடு சேர்க்கிறார்கள். எண் சிறிதானால் அதைப் போலியாக எட்டும் ஆசையும் சேர்ந்தே வருகிறது. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் பிடிபட்டபோது, பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதிக்கொடுத்த பயிற்சிப் பள்ளிகளும் விசாரணைக்கு உள்ளாயின. 200-இல் 50 பொய்யானால் கால்வாசி பொய். 1,500-இல் அதே 50 அவ்வளவு கேடு செய்யாது. பெரிய எண்ணுக்கு இருக்கும் நியாயங்களில் இதுவும் ஒன்று.

அப்படியானால் மணிநேரம் எதையாவது முன்னறிவிக்கிறதா? சிறு தனியார் விமானங்களில் அறிவிக்கிறது. பால் கிரெய்க் 2001-இல் எழுதிய புத்தகம், 50-க்கும் 350-க்கும் இடைப்பட்ட மணிநேரத்தில் விமானிகள் அதிகம் சாகிறார்கள் என்றது. பயிற்றுநரின் துணை நீங்கி, அனுபவம் இன்னும் திரளாத இடைக்காலம் அது. ஆனால் அங்கே தனி ஆள் பறக்கிறார். நிறுவனத்தின் மேற்பார்வையும் இன்னொரு விமானியும் இருக்கும் இடத்துக்கு அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவர முடியாது. வட்டார நிறுவனங்களில் சேர்ந்தவர்களின் பயிற்சிப் பதிவுகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து 2010-இலிருந்து ஆராய்ந்தன. குறைந்த நேரத்தோடு, ஆனால் தரமான கல்லூரிப் பயிற்சியோடு வந்தவர்கள் அதிக நேரம் சேர்த்து வந்தவர்களுக்குச் சளைக்கவில்லை, பல அளவுகளில் மேலாகவே இருந்தார்கள் என்று அவை கண்டன. பயிற்சி விற்கும் கல்லூரிகளே செய்த ஆய்வு இது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கோல்கனுக்குப் பின் 2025 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த மோதல்வரை அமெரிக்கப் பயணிகள் நிறுவனம் எதுவும் அத்தகைய பெருவிபத்தைச் சந்திக்கவில்லை. அதை 1,500-இன் வெற்றியாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதே ஆண்டுகளில் ஓய்வுநேர விதிகள் மாறின, ஸ்டால் மீட்புப் பயிற்சி கட்டாயமானது. 200 மணிநேரத்தில் ஆள் எடுக்கும் மேற்கு ஐரோப்பிய நிறுவனங்களின் பதிவும் நன்றாகவே இருக்கிறது. எந்த மாற்றத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இன்னொரு பக்கம், கோல்கன் நடந்த அதே 2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தை அப்போது இயக்கிய துணை விமானிக்குச் சுமார் 2,900 மணிநேரம், பக்கத்திலிருந்தவருக்கு 6,500, தலைமை விமானிக்கு ஏறக்குறைய 11,000. வேகமானிகள் பனியால் அடைபட்டதும் மூக்கை உயர்த்திப் பிடித்தபடியே 38,000 அடியிலிருந்து கடல்வரை கொண்டுவந்தார்கள். 228 பேர் இறந்தனர். அந்த உயரத்தில் தானியங்கியின் துணையின்றிக் கையால் ஓட்டும் பயிற்சியை யாரும் அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை.

மணிநேரத்தைப் பொருத்தமாகப் பயன்படுத்திய விதி ஒன்று இருக்கிறது. 1987 நவம்பர் 15 அன்று டென்வரில் பனிப்பொழிவில் மேலேறிய காண்டினென்டல் நிறுவனத்தின் டிசி-9 கவிழ்ந்து 28 பேர் இறந்தனர். தலைமை விமானி 12,000 மணிநேரம் தாண்டியவர், ஆனால் டிசி-9-இல் 166 மணிநேரமே. விமானத்தை மேலேற்றிய துணை விமானிக்கு அந்த வகையில் 36. தனித்தனியே இருவரும் தகுதியானவர்கள். சேர்ந்தபோது அந்த விமானத்தை நன்கு அறிந்தவர் காக்பிட்டில் ஒருவரும் இல்லை. இதன் பின்னணியில் 1990-களில் வந்த விதி, இருவரில் ஒருவருக்காவது அந்த வகை விமானத்தில் 75 மணிநேரமாவது இருக்க வேண்டும் என்கிறது. துணை விமானி 100 மணிநேரத்துக்குக் குறைந்தவரானால், பார்வை மங்கிய வேளையிலும் வழுக்கும் ஓடுபாதையிலும் பலத்த பக்கக்காற்றிலும் தலைமை விமானியே ஏற்றி இறக்க வேண்டும். எண்கள் சிறியவை. எந்த ஆபத்துக்கு எந்த எண் என்பது தெளிவாக இருக்கிறது.

2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தில் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸுக்கு ஏர்பஸ் 320 வகையில் இருந்தது 37 மணிநேரம்தான். மொத்தமோ 15,000-க்கு மேல். பக்கத்தில் அதே வகையில் ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓட்டிய செஸ்லி சல்லன்பெர்கர். அந்த இணையில் குறை எதுவும் இல்லை. பிற்பாடு 1,500 விதிக்காக உரத்துப் பேசியவர்களில் சல்லன்பெர்கரும் ஒருவர்.

லாக்புக் சொல்லாத செய்தி விமானியின் தேர்வுப் பதிவில் இருக்கிறது. 2019 பிப்ரவரி 23 அன்று ஹூஸ்டனுக்கு வந்துகொண்டிருந்த அட்லஸ் ஏர் சரக்கு விமானம் டெக்சாஸின் டிரினிட்டி விரிகுடாவில் மூக்கு கீழாகப் பாய்ந்தது. தானியங்கியின் மேலேறும் முறை தவறுதலாக இயங்கியதும், திசையுணர்வு குழம்பிய துணை விமானி மூக்கை வேகமாகக் கீழே தள்ளினார், மூவர் இறந்தனர். அவருக்கு 5,000 மணிநேரத்துக்கு மேல் அனுபவம், 1,500-ஐப் போல மூன்று மடங்கு. முந்தைய நிறுவனங்களில் பயிற்சியில் அடிக்கடி தோற்றவர், எதிர்பாராதது நடந்தால் பதறிக் கண்டபடி கருவிகளைத் தொடுபவர் என்பது அந்தந்த நிறுவனத்தின் கோப்புகளில் இருந்தது. அவர் அவற்றை மறைத்தார், புதிய நிறுவனத்தின் கைக்கு அவை வந்துசேரவில்லை.

எல்லா நிறுவனங்களின் பயிற்சிப் பதிவுகளையும் ஒரே இடத்தில் சேர்க்கும் விமானி ஆவணத் தரவுத்தளத்தை 2010 சட்டமே கேட்டிருந்தது. 1,500 விதி மூன்றே ஆண்டில் அமலுக்கு வந்தது. தரவுத்தளத்துக்கான இறுதி விதியை எஃப்.ஏ.ஏ. வெளியிட 2021 ஆனது. அந்தத் தாமதத்தையும் டிரினிட்டி விரிகுடா விபத்துக்கு ஒரு காரணியாகப் பாதுகாப்பு வாரியம் குறிப்பிட்டது. இப்போது அமெரிக்காவில் விமானி ஒருவரை வேலைக்கு அமர்த்தும் நிறுவனம், அவர் தேர்வுகளில் தோற்றதும் வேலையிலிருந்து விலக்கப்பட்டதும் அடங்கிய அந்தப் பதிவைப் படித்து மதிப்பிட வேண்டியது சட்டப்படி கட்டாயம்.